மூட்டு முரண்டு பிடிக்கும்போது வேலையை ஓட்டுவது எப்படி

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்த ஒருவருக்கு வேலையிடத்தில் பெரிய பிரச்சினை லீவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். லீவாவது ஒரு கணக்கில் வரும். வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, மவுஸைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாமல் பதினோரு மணி வரை ஒப்பேற்றுகிறோமே, அது எந்தக் கணக்கிலும் வராது. மேனேஜர் கண்ணுக்கு மந்தமாகத் தெரியும், பக்கத்து சீட்டுக்காரருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். அந்த மணி நேரங்களில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை மீட்டெடுப்பதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், எனக்கும் இந்த நோய் இருக்கிறது, அதனால் மேஜை வேலை உதாரணங்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். டைலர்கள், டீச்சர்களுக்கும் இடையில் சொல்லியிருக்கிறேன்.

முடக்குவாதம், சரவாங்கி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு. இதில் உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், பெரும்பாலும் 30 வயதுக்கும் 60க்கும் நடுவில் தொடங்குகிறது. சம்பாதிக்கிற வயது முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது. மணிக்கட்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு, விரலின் நடு மூட்டு, பாதத்தின் முன்பகுதி, இவைதான் முதலில் மாட்டுகின்றன, பெரும்பாலும் இரண்டு பக்கமும். டைப் அடிக்க, பேனா பிடிக்க, கத்தரி பிடிக்க, கிளட்ச் அழுத்த எது வேண்டுமோ அதே மூட்டு. காலையில் எழுந்ததும் கை விறைத்துக்கொண்டு மடங்காது. தேய்மானத்தில் இது அரை மணிக்குள் விட்டுவிடும், இதிலோ ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம்கூட இழுக்கும். வீக்கத்தைத் தூண்டும் ஐஎல்-6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் விடியற்காலையில்தான் உச்சத்துக்கு வருகின்றன. ஒன்பது மணி ஆபீஸுக்கும் இந்த நோய்க்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், போன ஏழு நாட்களைப் பற்றி ஒரு நோட்டில் மூன்று எண்களை எழுதுங்கள். நோயால் எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகவில்லை, பர்மிஷன், அரை நாள் எல்லாம் சேர்த்து. எத்தனை மணி நேரம் வேலையில் இருந்தீர்கள். அப்படி இருந்த நேரத்தில் நோய் உங்கள் வேலையை எவ்வளவு கெடுத்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். 0 என்றால் பாதிப்பே இல்லை, 10 என்றால் ஒன்றும் ஓடவில்லை. 1993ல் மார்கரெட் ரெய்லி என்பவரும் உடன் வேலை பார்த்தவர்களும் உருவாக்கிய ஒரு கேள்வித்தாளின் சாரம் இது. மருந்து ஆய்வுகளில் வேலைத்திறனை அளக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு வாரத்தில் 4 மணி நேரம் பர்மிஷன், 40 மணி நேரம் வேலை, மதிப்பெண் 4 என்று வைப்போம். எச்.ஆர். கணக்கில் போனது 4 மணி நேரம். ஆனால் சீட்டில் இருந்த 40 மணியில் பத்துக்கு நான்கு பங்கு, அதாவது 16 மணி நேரம், வலியிலும் களைப்பிலும் கரைந்துவிட்டது. ஆக 44ல் 20 மணி நேரம் காலி, கிட்டத்தட்ட 45 சதவீதம். ஒரு பர்மிஷனைக் காப்பாற்றுவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய் உட்காருவதில் எவ்வளவு லாபம் இருக்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டதும் தெரிந்துவிடும். நாம் மெனக்கெட வேண்டியது அந்தப் 16ல்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எந்த நேரம், எந்த வேலை மோசமாக இருந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு வடிவம் தெரியும்: சிலருக்குக் காலை நேரம் மட்டும்தான் எதிரி, சிலருக்கு நாலு மணிக்கு மேல் உடம்பு கழன்றுவிடும், சிலருக்கு எல்லாம் சரி, கையெழுத்து வேலை மட்டும் உதைக்கும். இது தெரியாமல் முந்நூறு ரூபாய்க்கு மவுஸ் வாங்குவதா, மூவாயிரத்துக்கு நாற்காலி கேட்பதா என்று குழம்பிக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை.

மருந்து சரியாக ஓடாமல் வேறு எதுவும் ஓடாது

மூட்டு வலி என்றதும் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மிடம் நிறைய. வலி மாத்திரை வலியைக் குறைக்கும், மூட்டு அரிக்கப்படுவதை நிறுத்தாது, நாள்பட்டால் வயிற்றையும் கிட்னியையும் வேறு கவனிக்கும். பார்க்க வேண்டியவர் ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நோய் நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், இங்கெல்லாம் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்துக்கு வந்துவிட்டால் அரிப்பைப் பெருமளவு தடுக்கலாம். அரித்துப் போன எலும்பு திரும்பி வராது.

பெரும்பாலோருக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போடுகிற மாத்திரை என்று நினைத்துப் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் பெட்டி மேலேயே கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எந்தக் கிழமை என்பதில்தான் வேலை விஷயம் வருகிறது. மறுநாள் பலருக்குக் குமட்டலும் அசதியுமாக இருக்கும், ஆகவே டாக்டரிடம் பேசிச் சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டால் அசதி ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும். வெள்ளிக்கிழமை வார லீவு உள்ளவர்கள் வியாழன் ராத்திரி. கூடவே கொடுக்கிற ஃபோலிக் ஆசிட்டை அலட்சியமாக விடாதீர்கள், குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைவதே அதனால்தான். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதற்குப் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

ரத்தப் பரிசோதனை ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருக்கும். ரத்த அணுக்கள், கல்லீரல், கிட்னியைக் காட்டும் கிரியாட்டினின், இதற்கெல்லாம் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு சேர்த்து எழுதாதவரை ஆபீஸ் விட்டு வரும்போது சாயங்காலமே கொடுத்துவிடலாம். இதற்காக யாரும் ஒரு காலை நேர பர்மிஷனைச் செலவழிக்க வேண்டியதில்லை.

மெத்தோட்ரெக்சேட் முழுசாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். இதை மனதில் அழுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலரும் அந்த இடைவெளியில்தான் வேலையை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலைக்கோ அதற்குப் பக்கத்திலோ வர வேண்டும், வராவிட்டால் மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும், இதுதான் இன்றைய வைத்திய முறை. டாக்டரிடம் போகும்போது ‘பரவாயில்லை டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வராமல் அந்த நோட்டை நீட்டுங்கள். வீக்கம் குறைந்திருக்கும், ரத்தத்தில் வீக்கத்தை அளக்கிற சிஆர்பி பரிசோதனை நன்றாக இருக்கும், ஆனாலும் வேலை மதிப்பெண் 6லேயே நின்றால் அதையும் அவர் பார்க்க வேண்டும்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அது நோயையும் மோசமாக்கும், மருந்தின் பலனையும் குறைக்கும். மூன்றே நாளில் வலி பறக்கும் என்று பெயர் ஒட்டாத பொடி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வீட்டிலேயே கை தீர்ந்துவிடக் கூடாது

வேலைத்திறன் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நாற்காலி, கீபோர்டு என்று ஆரம்பிக்கிறார்கள். யாரும் சமையலறைப் பக்கம் வருவதில்லை. இந்த நோய் அதிகம் வருவது பெண்களுக்கு, அந்தப் பெண்கள் ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் தேங்காய் துருவி, சப்பாத்தி மாவு பிசைந்து, குக்கர் மூடியைத் திருகி, துணியைப் பிழிந்து, பிள்ளைக்கு ஜடை பின்னி, நாலு டிபன் பாக்ஸை அழுத்தி மூடி, சேலை மடிப்புக்கு ஊக்கும் குத்திவிட்டுத்தான் வருகிறார்கள், அதுவும் விரல் மடங்கவே மடங்காத அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில். எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை ஏற்கெனவே ஒரு ஷிப்ட் முடித்திருக்கும். அப்புறம் ஆபீஸில் எந்த நாற்காலி போட்டு என்ன?

ஆகவே முதல் வேலை, காலையில் செய்கிறவற்றில் பிழிவது, திருகுவது, இறுக்கிப் பிடிப்பது, தூக்குவது என்ற நான்கையும் உங்கள் கையிலிருந்து எடுப்பது. மாவு பிசைவதும் துணி பிழிவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் வீட்டுக்காரரோ வளர்ந்த பிள்ளைகளோ செய்யட்டும். அடுப்பைப் பார்த்துக்கொள்வது, தாளிப்பது போன்றவை உங்களிடம் இருக்கட்டும். ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ஒரு வாரத்தில் காற்றோடு போய்விடும். ‘துணி இனிமே உங்க பொறுப்பு’ என்று பேர் போட்டுப் பிரித்துக்கொடுங்கள். காய் நறுக்குவது முந்தைய நாள் சாயங்காலத்துக்குப் போகட்டும், அப்போது கை நன்றாக இருக்கும். தேங்காய்க்குத் துருவல் பாக்கெட், மாவுக்குப் பிசைகிற மிஷின், திருகுக் குழாய்க்குப் பதில் தட்டினால் திறக்கிற நீளக் கைப்பிடிக் குழாய், தடித்த பிடி உள்ள கத்தி, இதெல்லாம் ஆடம்பரம் என்று மாமியார் சொன்னாலும் சரி, வாங்குங்கள். உங்கள் சம்பளத்தைக் காப்பாற்றும் சாமான்கள் இவை.

எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாக மூடித் திறப்பது பலருக்கு உதவுகிறது. வெந்நீர்க் குளியலும் அப்படித்தான். விறைப்பு விடுவதற்காக ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துகொள்கிறேன் என்று தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். அதை நாலு மணிக் களைப்பில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

வண்டி விஷயம். கியர் பைக்கில் டிராஃபிக்குக்குள் கிளட்சை நூறு தடவை அழுத்துவது இடது மணிக்கட்டைத் தனியாகப் பிடித்து நசுக்குவதற்குச் சமம், முடிந்தால் கியர் இல்லாத, பட்டனில் ஸ்டார்ட் ஆகிற ஸ்கூட்டருக்கு மாறுங்கள். பஸ்ஸில் மேல் கம்பியை விரலால் பிடித்துத் தொங்காமல் நிற்கும் கம்பியை முழங்கையோடு வளைத்துப் பிடியுங்கள். லேப்டாப், சாப்பாடு, தண்ணீர் பாட்டில் மூன்றும் கையில் தொங்கும் பையில் வேண்டாம், இரண்டு தோளிலும் மாட்டும் பையில் போகட்டும்.

வேலையை நேரம் பார்த்துப் பிரிப்பது

நோட்டில் காலை நேரம்தான் மோசம் என்று வந்தால், வந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் விரல் தேவைப்படாத வேலைகளை வையுங்கள். போனில் பேச வேண்டியவை, படிக்க வேண்டியவை, சரிபார்ப்பு, மீட்டிங். நான் காலையில் பேங்க் ஸ்டேட்மெண்டைக் கண்ணால் ஓட்டிப் பார்த்து முரண்களைக் குறித்துக்கொள்வேன், வவுச்சர் பதிவெல்லாம் பதினொன்றுக்கு மேல்தான். மொத்த வேலை அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது, இதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மீட்டிங்கில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாலும் விறைத்துக்கொள்ளும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வரை போய் வருவது, மேஜைக்கு அடியில் விரலை மூடித் திறப்பது, இரண்டும் பழக்கமாக வேண்டும். ஏசி காற்று நேராகக் கையில் அடிக்கிற சீட்டாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள்.

கைக்கருவிகளில் பொது விதி ஒன்றுதான்: சின்ன மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டுக்குத் தள்ளிவிடுவது. கதவை விரலால் இழுக்காமல் தோளால் தள்ளுங்கள். ஃபைலை நுனி விரலில் பிடிக்காமல் இரண்டு முன்னங்கையிலும் ஏந்துங்கள். ஸ்டேப்ளரைக் கையில் பிடித்து நசுக்காமல் மேஜையில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், ரப்பர் ஸ்டாம்பும் அப்படியே. பேனா தடியாக இருக்கட்டும், கிடைக்காவிட்டால் இருக்கிற பேனாவில் ஸ்பாஞ்சைச் சுற்றி டேப் ஒட்டினால் போதும். மவுஸில், கை குலுக்குகிற நிலையில் பிடிக்கிற செங்குத்து மவுஸ் மணிக்கட்டை முறுக்காது. அது ஒத்துவராவிட்டால் மவுஸை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றி மாற்றிப் பழகுங்கள். விண்டோஸில் ஷிப்ட் கீயை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி வரும், கன்ட்ரோல், ஷிப்ட் சேர்ந்து வருகிற மூன்று கீ கட்டளைகளை ஒரு விரலால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். நீளமான மெயிலையெல்லாம் போனில் கூகுள் கீபோர்டின் மைக்கைத் தொட்டுச் சொல்லிவிடுங்கள், தமிழும் நன்றாகவே எழுதுகிறது, அப்புறம் திருத்தினால் போதும். மணிக்கட்டுப் பட்டையை நாள் முழுக்கக் கட்டிக்கொள்ளாமல் கனமான வேலை நேரத்துக்கு மட்டும், பிசியோ சொன்னபடி கட்டுங்கள். அது கண்ணில் தெரிவதால் ‘என்னாச்சு’ என்று கேட்பார்கள். கேட்கட்டுமே, வெளியே தெரியாத நோய்க்கு அதுவும் ஒரு அடையாளம்தான்.

யாரும் வாய் திறந்து பேசாத ஒன்று, கழிப்பறை. முழங்காலும் கணுக்காலும் வீங்கியிருக்கும்போது குத்தவைக்கும் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியாது என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பல வேலையிடங்களில் இருக்கிறார்கள். மற்ற எந்தச் சலுகையைக் கேட்பதற்கு முன்னாலும் உட்காரும் டாய்லெட் ஒன்றுக்கான சாவியைக் கேளுங்கள், பல இடங்களில் மேனேஜர்கள் தளத்தில் ஒன்று பூட்டிக் கிடக்கும்.

தையல், பள்ளிக்கூடம்

திருப்பூரில் பீஸ் ரேட்டில், அதாவது முடித்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நோட்டு, மதிப்பெண் எதுவும் தேவையில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரே சொல்லிவிடும். அங்கே எந்த மிஷினில், எந்த வேலையில் இருக்கிறீர்கள் என்பதுதான் எல்லாம். நாள் முழுக்க நூல் வெட்டுவது, அதாவது ட்ரிம்மிங், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளிக்கொண்டே இருக்கும் வேலை, கைகளுக்கு இதைவிட மோசமானது கம்மி. கட்டிங்கில் கைக்கத்தரியும் அப்படியே. செக்கிங்குக்கு மாற்றிக் கேட்கலாம், ஆனால் அது நிற்கிற வேலை, பாதத்தில் நோய் இருப்பவர்கள் ஸ்டூல் இல்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். சூப்பர்வைசரிடம் ‘கஷ்டமான வேலை வேணாம்’ என்று சொன்னால் எடுபடாது, ‘ஓவர்லாக்ல உக்காந்தா என்னால இத்தனை பீஸ் எடுக்க முடியும், ட்ரிம்மிங்ல பாதிகூட முடியாது’ என்று பீஸ் கணக்கிலேயே பேசுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதை நோய் அடங்கும்வரை விட்டுவிடுவது நல்லது. அந்த அரை ஷிப்ட் காசு மறுநாள் பீஸ் குறைவதிலேயே போய்விடும்.

டீச்சர்களுக்குத் தோளுக்கு மேல் கையைத் தூக்கிப் போர்டில் எழுதுவதும் திருத்துகிற பேப்பர் கட்டும்தான் வில்லன்கள். போர்டில் எழுதுவதை மாணவர்களிடம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு அதில் போட்டியே நடக்கும். முதல் பீரியடில் வாய்மொழிப் பாடம் வருகிற மாதிரி டைம்டேபிள் போடுகிறவரிடம் ஜூன் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள், அப்புறம் மாற்றுவது கஷ்டம். திருத்துவதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்காமல் நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

களைப்பு

வலியைவிட வேலையைத் தின்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன், வலிக்காவது மாத்திரை இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் அந்தப் பொருட்களே களைப்பைக் கொண்டுவரும், கூடவே ரத்தசோகை, வலியில் கெட்ட தூக்கம், மனச்சோர்வு எல்லாம் சேரும். ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள். மனம் தொடர்ந்து சோர்ந்தே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த நோயில் அது அடிக்கடி வருவது, வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நோய் ஓரளவு அடங்கியபின் தினமும் நடப்பது களைப்பைக் குறைக்கிறது. வேலையில், கை நன்றாக இருக்கிற நாளில் மூன்று நாள் பாக்கியை ஒரேயடியாக முடித்துவிடுகிற ஆசை வரும். வந்தால் பாதியில் நிறுத்துங்கள், ஒரு நாள் ஓவர்டைமுக்கு இரண்டு நாள் படுக்கை என்பது நல்ல பேரம் இல்லை. களைத்த நேரத்தில் மூளையும் மந்தமாக இருக்கும், எண்களைச் சரிபார்க்கும் கடைசி வேலையை அப்போது வைக்காதீர்கள்.

யாரிடம், எப்படிச் சொல்வது

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நேரத்தையும் வேலையையும் மாற்றித்தர அதிகாரம் உள்ள ஒருவர், அவசரத்துக்குக் கைகொடுக்கும் சக ஊழியர் ஒருவர், போதும். சொல்லும்போது நோயின் வரலாற்றைச் சொல்லாதீர்கள். ரிப்போர்ட்டை விரித்தால் மேலாளருக்குப் பரிதாபம் வரும், பரிதாபம் வந்தால் நல்ல வேலைகள் உங்கள் கையை விட்டுப் போகும். வேலையைப் பற்றிப் பேசுங்கள், இப்படி:

‘சார், எனக்கு மூட்டுல ஒரு நோய் இருக்கு, மருந்து எடுத்துக்கிட்டு இருக்கேன். காலைல பத்து, பத்தரை வரைக்கும் விரல் சரியா மடங்காது, அப்புறம் நல்லா இருக்கும். ஒன்பது மணிக்குப் பதிலா பத்தரைக்கு வந்து ஏழரை வரைக்கும் இருந்தேன்னா மாசக் கடைசி குளோசிங் எதுவும் தள்ளிப்போகாது. ஒரு மாசம் பார்ப்போம், சரிவரலேன்னா பழைய நேரத்துக்கே வந்துடறேன்.’

என்ன கஷ்டம், என்ன மாற்றம், அதனால் எந்த வேலை நிற்காது, எத்தனை நாள் சோதனை, நான்கும் இதில் இருக்கிறது. பேசி முடித்ததும் அன்றைக்கே ‘இன்று பேசியபடி’ என்று ஒரு சின்ன மெயில் போட்டுவிடுங்கள், மேலாளர்கள் மாறுவார்கள், வாய்ப்பேச்சு அவர்களோடு மாறிப்போகும். ‘உங்க வயசுல மூட்டு வலியா’ என்று கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள், ‘இது குழந்தைகளுக்குக்கூட வர்ற வகை இருக்கு’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். முடவாட்டுக்கால் சூப் யோசனை சொல்பவர்களுக்கு நன்றி மட்டும் போதும்.

நீங்கள் மேனேஜர் இடத்தில் இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று: நேற்று நன்றாக இருந்தவர் இன்று நொண்டுவது நடிப்பு இல்லை, இந்த நோயே ஏறி இறங்குவதுதான்.

அந்த ஏறுகிற நாட்களுக்கு, டாக்டர்கள் ஃப்ளேர் என்பார்கள், நல்ல நாளிலேயே ஏற்பாடு இருக்க வேண்டும். எந்த மருந்தை எவ்வளவு கூட்டலாம், எப்போது போன் பண்ண வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். காய்ச்சல் இருந்தாலோ ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தாலோ அதை வழக்கமான ஏற்றம் என்று விடாமல் உடனே காட்டுங்கள், கிருமித் தொற்றாக இருக்கலாம். வேலையில் உங்கள் பாதி முடித்த ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று அந்தச் சக ஊழியருக்குத் தெரிந்திருக்கட்டும். வீட்டிலிருந்து பார்க்க முடிகிற வேலைகளை இந்த நாட்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

சட்டமும் காசும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐயில் (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) இருந்தால், சந்தா நாட்கள் நிரம்பியிருக்கும்பட்சத்தில், டாக்டர் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். கம்பெனியில் பலருக்கும் இது தெரியாது, சம்பளமில்லா லீவு என்று போட்டுவிடுவார்கள், அதனால் நீங்கள்தான் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் சான்றிதழ் வாங்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ல் முடக்குவாதம் என்று தனியாகப் பெயர் கிடையாது. ஆனால் மூட்டு சேதமாகி இயக்கம் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் அரசு மருத்துவக் குழு சதவீதம் போட்டுக் கொடுக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இட ஒதுக்கீடு முதலியவை வரும், பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் கழிவும் உண்டு. அரசு ஊழியர்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு: பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்தப் பணி முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியாரில் அவ்வளவு பிடிமானம் இல்லை, ஆனாலும் சம வாய்ப்புக் கொள்கை என்ற ஒன்றை நிறுவனங்கள் வெளியிட வேண்டும், உங்கள் எச்.ஆரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டதாலேயே சில கதவுகள் திறக்கும்.

ராஜினாமா. புது மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்திலும், ஃப்ளேர் நடக்கும் நாட்களிலும் அந்தக் கடிதத்தை எழுதவே எழுதாதீர்கள். மருந்து பிடித்தபின் கை எவ்வளவு திரும்பி வரும் என்பது அப்போது தெரியாது. இன்னொரு காரணம், காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி பெரும்பாலும் பழைய நோயையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். வெளியே வந்து தனியாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம், அந்த மூன்று வருடத்தில் பயாலஜிக் என்ற விலை கூடிய ஊசி மருந்து தேவைப்பட்டால் செலவு முழுக்க உங்கள் தலையில். விட்டே ஆக வேண்டும் என்றால், விலகும் தேதிக்கு முன்பே குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற வழியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கும் முன்னால் உள்ளேயே வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள், பேக்கிங்கிலிருந்து பர்ச்சேஸுக்கு, கேஷ் கவுண்டரிலிருந்து கடன் பிரிவுக்கு, இப்படி.

புது இடத்துக்கு இன்டர்வியூ போனால் நோயைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள், பின்னால் அதை வைத்துப் பிரச்சினை பண்ண இடம் கொடுக்க வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு எழுத்துத் தேர்வு என்றால் மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.